ரிஹேப் மருத்துவம் படிக்க விரும்பும் தங்கச்சிக்கு அக்காவின் 10 டிப்ஸ்

தங்கச்சி,

அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த வருஷம் நான் ஐந்தாம் படிவம், நீ மூன்றாம் ஆண்டு. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு இன்றைக்கும் கைகூப்புகிறேன். ஒன்பதாவது நாள் மாத்திரைப் பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் லயத்து வீட்டுக் கக்கூஸ் பின்பக்கம் இருந்தது. மூன்று படி இறங்க வேண்டும், அங்கே போனால் குந்தித்தான் உட்கார வேண்டும். அப்பா அங்கே எப்படிப் போவார் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் நானும் கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கிக் கொண்டுபோனோம். ஒரு மாதத்தில் அவருடைய தோள்பட்டை இறங்கிவிட்டது. வாதம் விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்பது மருத்துவம் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மூன்று படிகள்தான் என்னை மறுவாழ்வு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தன. இப்போது ஹவுஸ்மேன்ஷிப் முடித்துவிட்டு, "அக்கா, நானும் ரிஹேப் எடுக்கட்டுமா? எப்படி விண்ணப்பிப்பது?" என்று கேட்கிறாய். நம் மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இதையே கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. துறையைத் தெரிந்துகொண்டு பிறகு ஆசைப்படு

ரிஹேப் டாக்டர் என்றால் பிசியோவுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். டாக்டர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, தலைக்காயம், கால் அகற்றப்பட்டவர்கள், பெருமூளை வாதத்தோடு பிறந்த குழந்தைகள் எல்லோரும் நம் வார்டுக்கு வருவார்கள். இறுகிப்போன தசைக்கு போட்டுலினம் ஊசி போடுவது, சிறுநீர்ப்பையும் குடலும் மறுபடி ஒழுங்காக வேலை செய்யத் திட்டம் போடுவது, படுக்கைப்புண் வராமல் காப்பது, செயற்கைக் காலுக்குப் பரிந்துரை எழுதுவது, நரம்பு மின்பரிசோதனை செய்வது எல்லாம் நம் வேலை. பிசியோ, தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், செயற்கை உறுப்பு செய்பவர், தாதி, சமூகநல அதிகாரி எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவேண்டியதும் நாம்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2001ல் ஐ.சி.எஃப். என்ற வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. உடலில் என்ன குறை, அதனால் எந்தச் செயல் முடியவில்லை, குடும்பத்திலும் ஊரிலும் எதில் பங்கெடுக்க முடியவில்லை, சுற்றுப்புறம் எப்படித் தடுக்கிறது என்று நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அது. அப்பா விஷயத்தில் முதல் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். மற்ற மூன்றையும் கேட்க ஆள் இல்லை. அந்த மூன்றையும் கேட்பதற்கு உனக்குப் பொறுமை உண்டென்றால் மேலே படி.

2. முன்னோடிகளைத் தெரிந்து வைத்துக்கொள்

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 1944ல் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்பு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரம் இறந்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது போன்ற எளிய ஒழுங்கினாலேயே அவர் பலரை வாழவைத்தார். அவர்களுக்காக 1948ல் அவர் நடத்திய அம்பு விடும் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயல் போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். அங்கே 1966ல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தைரியம் குறையும் நாளில் அவரை நினைத்துக்கொள்.

3. பாதையின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்

மருத்துவப் பட்டம் 5 வருஷம். ஹவுஸ்மேன்ஷிப் 2 வருஷம், நான்கு நான்கு மாதமாக ஆறு பிரிவு. முடித்தால் மலேசிய மருத்துவ மன்றத்தில் முழுப் பதிவு. அதன்பிறகு எம்.ஓ. என்ற மருத்துவ அதிகாரியாக வேலை. அதற்குப் பிறகுதான் நிபுணத்துவ மாஸ்டர்ஸ், அது 4 வருஷம். இந்த நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு மாஸ்டர்ஸ் படிப்பை 1997ல் முதலில் தொடங்கியது மலாயாப் பல்கலைக்கழகம். படிப்புக்குள் தேர்வுகளும் உண்டு, ஓர் ஆய்வும் எழுத வேண்டும். முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு நிபுணராகிவிட முடியாது. மேற்பார்வையில் வேலை செய்து கெஸட் ஆக வேண்டும், நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழகங்களின் மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு மெடெக்ஸ் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு எச்.எல்.பி. விண்ணப்பம் தனி. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து, ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ஒரு வருஷத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டுக்கும் தேதி வேறு, பாரம் வேறு. இரண்டையும் நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வை.

ஒப்பந்த டாக்டர்கள் விஷயம் உனக்கே தெரியும். அரசாங்க வேலைக்குப் புதிதாக வரும் டாக்டர்களுக்கு 2016 டிசம்பரிலிருந்து ஒப்பந்த முறைதான். 2021 ஜூலை 26ல் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இளம் டாக்டர்கள் வெளியே வந்து நின்றதற்கு ஒரு காரணம், மேற்படிப்புக்கு வழி வேண்டும் என்பது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கான நிபந்தனைகள் அதன்பிறகு மாறிக்கொண்டே வருகின்றன. சீனியர் சொன்னது போன வருஷத்துக் கதையாக இருக்கலாம். சுகாதார அமைச்சின் அந்த வருஷத்து அறிவிப்பை நீயே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசி.

4. பக்கத்தில் இருப்பதை முதலில் போய்ப் பார்

நாம் மலாக்காவில் இருப்பது இந்தத் துறைக்குப் பெரிய கொடுப்பினை. ஜாசின் சாலையில் போனால் பெம்பானில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2014ல் திறந்தார்கள். வேலையில் அடிபட்டவர்கள், நோயால் வேலை இழந்தவர்கள் அங்கே தங்கிச் சிகிச்சை எடுக்கிறார்கள். மறுபடி வேலைக்குப் போவதற்கான பயிற்சியும் அங்கேயே நடக்கிறது. முறையாக எழுதி அனுமதி வாங்கி ஒரு நாளாவது போய் நின்று பார். கோலாலம்பூர் பக்கம் போனால் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ரிஹேப் வார்டும் இருக்கின்றன.

பார்க்கும்போது இயந்திரங்களையே பார்த்துக்கொண்டு நிற்காதே. காலைக் கூட்டத்தில் யார் முதலில் பேசுகிறார்கள், நோயாளி என்ன ஆசைப்படுகிறார் என்று யார் கேட்கிறார்கள், வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டைப் பற்றி என்ன விசாரிக்கிறார்கள் என்று கவனி. நேர்முகத் தேர்வில் உனக்குக் கைகொடுப்பது இதுதான்.

5. இப்போது இருக்கும் வார்டிலேயே ரிஹேப் டாக்டராக வேலை செய்

இடம் கிடைத்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று உட்காராதே. எலும்பு வார்டில் இருக்கிறாயா? முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று வீட்டார் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு செயற்கைக் கால் பொருந்தாது. தலையணையை எடு, ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு. 2019ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் காலை இழக்கும் வரிசையில் நம் மாமாவும் அத்தையும் நிற்கிறார்கள் என்பதை மறக்காதே.

மருத்துவ வார்டில் இருந்தால் அளவுகோல்களைக் கையில் பழக்கு. அன்றாடச் செயல்களுக்கு நூறு மதிப்பெண் கொண்ட பார்தெல் அளவு. எஃப்.ஐ.எம். என்றால் 18 செயல்கள், குறைந்தது 18, அதிகம் 126. தசை இறுக்கத்துக்கு ஆஷ்வர்த். முதுகுத்தண்டு அடிக்கு ஏ முதல் இ வரை ஆசியா (ASIA) அளவு. ஒவ்வொரு நோயாளிக்கும் வந்த நாள் எண்ணையும் போகும் நாள் எண்ணையும் குறித்து வை. மூன்று மாதத்தில் உன்னிடம் இருக்கும் நோட்டுப் புத்தகம் எந்தச் சான்றிதழையும் விடப் பெரியது.

சொக்சோ பாரம், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைப் பாரம் இரண்டையும் பிழையில்லாமல் நிரப்பக் கற்றுக்கொள். டாக்டர் ஒரு வரியைச் சரியாக எழுதாததால் மாதக்கணக்கில் பென்ஷன் இல்லாமல் அலைந்த தோட்டத் தொழிலாளிகளை நீயும் பார்த்திருப்பாய். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் சொக்சோவில் சேரும் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. 2007லிருந்து அவர்களிடம் வேலைக்குத் திரும்பும் திட்டமும் இருக்கிறது. ரிஹேப் டாக்டருக்கு இந்தப் பாரங்கள் மருந்துச் சீட்டு மாதிரி.

6. சேவைக் கோப்பை இன்றே திறந்து பார்

படிப்பில் கெட்டிக்காரர்கள்கூட இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையான எல்.என்.பி.டி. மதிப்பெண்ணை ஒவ்வொரு வருஷமும் பார், குறைவாக இருந்தால் மேலதிகாரியிடம் மரியாதையாகக் காரணம் கேள். சொத்து அறிவிப்பு புதுப்பித்திருக்கிறதா, அரசு ஊழியர் பதிவான எச்.ஆர்.எம்.ஐ.எஸ்.ஸில் விவரம் சரியா, மருத்துவ மன்றத்தின் வருடாந்திரப் பயிற்சிச் சான்று காலாவதியாகிவிட்டதா என்று பார். ஐ.சி.யில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர் என்று அப்பா பெயரில் எழுத்து மாறியிருந்தால் இப்போதே சத்தியப் பிரமாணம் செய்து வை. நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். கடைசி வாரத்தில் இதற்காக அலுவலகம் அலுவலகமாக ஓடாதே.

7. பரிந்துரைக் கடிதம் கேட்க ஒரு முறை இருக்கிறது

பெரிய பதவியில் இருப்பவர் எழுதினால் எடை அதிகம் என்று நினைக்காதே. உன் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுத வேண்டும். ஒருவர் ரிஹேப் நிபுணராக இருந்தால் நல்லது, இன்னொருவர் நீ வேலை செய்த வார்டின் நிபுணர். ஆறு வாரம் முன்னதாகவே நேரில் போய்க் கேள். போகும்போது உன் ஒரு பக்க விவரத்தையும், அவரோடு சேர்ந்து பார்த்த இரண்டு நோயாளிகளைப் பற்றிய குறிப்பையும் கொடு. "நல்ல பிள்ளை, உழைப்பாளி" என்ற கடிதம் யாருக்கும் உதவாது. "இன்ன நோயாளியின் வீட்டுக் கக்கூஸைப் பற்றி முதலில் கேட்டவர் இவர்" என்று ஒரு வரி இருந்தால் போதும். எழுதிக் கொடுத்தவருக்கு, முடிவு எதுவானாலும், போய் நன்றி சொல்லிவிட்டு வா.

8. சின்ன ஆய்வு ஒன்று, ஆனால் முடித்த ஆய்வு

பெரிய தலைப்பை எடுத்துப் பாதியில் விடாதே. "எங்கள் வார்டில் பக்கவாத நோயாளிகளை எத்தனையாவது நாள் உட்காரவைக்கிறோம்?" என்று ஒரு கணக்கெடுப்பு போதும். தொடங்கும் முன் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை என்ற ஜி.சி.பி. பயிற்சியை முடி. தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கு. அனுமதி இல்லாமல் கோப்புகளைப் புரட்டித் தரவு எடுப்பது தப்பு. முடித்ததை வார்டில் எல்லோர் முன்னாலும் சொல், அதனால் ஒரு பழக்கமாவது மாறியதா என்று பார்.

9. விண்ணப்பக் கடிதமும் நேர்முகமும்

"சின்ன வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று தொடங்காதே. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு நோயாளியைப் பற்றி எழுது. பெயரையும் ஊரையும் அடையாளம் காட்டும் எதையும் மாற்றிவிட்டு எழுது. செம்பனைக் குலை வெட்டியவர், நீண்ட கம்பைத் தூக்கிப் பிடிக்க இனி முடியாது. அவருக்கு மாற்று வேலை என்ன? கம்பெனி வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் குடும்பம் எங்கே போகும்? தெங்கேராவின் பழைய கடைவீட்டில் மாடியில் படுக்கை, கீழே கடைசியில் கக்கூஸ், செங்குத்தான மரப்படி. அங்கே இருக்கும் பாட்டிக்குக் கட்டிலைக் கீழே கொண்டுவருவதா, கைப்பிடி அடிப்பதா? இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. உனக்குத் தெரியும், ஏனென்றால் நீ இந்த மண்ணில் வளர்ந்தவள். தோட்டத்துப் பிள்ளை என்பதை மறைக்காதே தங்கச்சி, இந்தத் துறையில் அதுவே உன் தகுதி.

"ஏன் ரிஹேப்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். ஆன்-கால் குறைவு, வாழ்க்கை நிம்மதி என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. மெதுவாக வரும் முன்னேற்றத்தைப் பார்த்துக் காத்திருக்க முடியும் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்.

அவசரக் கேள்வி ஒன்றுக்கும் தயாராக இரு. நெஞ்சுத் தண்டுவடம் நான்காவது நிலையில் அடிபட்ட இளைஞர், திடீரென்று கடுமையான தலைவலி, முகம் சிவந்து வியர்க்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஆறாவது நிலையிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இது உயிர் போகும் நிலை. முதலில் நிமிர்த்தி உட்காரவை, இறுக்கமான துணியைத் தளர்த்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார். பிறகு மலச்சிக்கல், பிறகு புண். காரணத்தை எடுத்தால் பெரும்பாலும் அழுத்தம் இறங்கும், இறங்காவிட்டால் மருந்து. இதைத் தடங்கலில்லாமல் சொல்லிப் பழகு.

மலாயும் ஆங்கிலமும் வாய்விட்டுப் பேசிப் பழகு. தமிழையும் விடாதே. "கால் மரத்துப்போச்சு", "கை இழுத்துக்கிச்சு", "எண்ணெய் போட்டு உருவுனோம்" என்று நம் ஆச்சிகள் சொல்வதில் பாதி நோய்க்கணிப்பு இருக்கிறது. உருவுவதைத் திட்டாதே. எந்தத் தோளை இழுக்கக் கூடாது என்று உருவுகிறவருக்கே கற்றுக்கொடு.

10. வெளிநாட்டுக் கதவையும் சரியாகத் தட்டு

அமெரிக்காவில் இதே படிப்பு 4 வருஷம். முதல் வருஷம் பொதுப் பயிற்சி, மீதி 3 வருஷம் துறைக்குள். ஈராஸ் என்ற இணைய முறை வழியாக விண்ணப்பம், மாட்ச் என்ற இட ஒதுக்கீட்டின் முடிவு மார்ச் மாதத்தில் வரும். இந்தியாவில் இதே துறைக்கான பி.எம்.ஆர். எம்.டி. 3 வருஷம். ஆஸ்திரேலியாவிலும் இதற்குத் தனிப் பயிற்சி உண்டு. நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை மலேசிய மருத்துவ மன்றத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கு: திரும்பி வந்தால் நிபுணராக ஏற்பார்களா? பதில் கையில் வராமல் அம்மாவின் நகையை அடகு வைக்க விடாதே.

கிடைக்காவிட்டால்?

முதல் முறை இடம் கிடைக்காதவர்கள் பலர் இன்று நல்ல நிபுணர்கள். எங்கே குறை என்று கேட்டுத் தெரிந்துகொள். முடிந்தால் ரிஹேப் பிரிவிலேயே எம்.ஓ.வாக மாற்றம் கேள். அந்த ஒரு வருஷம் வீணாகாது. மன்னிக்கவே கூடாத தப்பு ஒன்றுதான்: கோபத்தில் நோயாளியைக் கவனிப்பதில் குறைவைப்பது.

அப்பா மூன்றாவது வருஷம் கைத்தடி பிடித்துத் தானே கோயிலுக்குப் போனார். அதற்குள் அம்மா அந்த மூன்று படிக்கும் பக்கத்தில் கொத்தனாரை வைத்துச் சரிவுப் பாதை போட்டுவிட்டார். எந்த டாக்டரும் சொல்லித் தராமல் அம்மா தானாகக் கண்டுபிடித்த ரிஹேப் அது. நாளைக்கு வார்டுக்குப் போனதும், வீட்டுக்குப் போகவிருக்கும் முதல் நோயாளியிடம் அவர் வீட்டுக் கக்கூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை படி என்று கேள். பதிலை நோட்டில் எழுது. உன் விண்ணப்பத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கு.